எட்டாம் நாளுக்கான பெட்ரோல்

மேற்பார்வையாளர் ஃபியோனா கேட்கிறார்:
ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி இரத்தம் எடுக்கிறாய், சரி.
பத்தாம் நாள் கோப்பை மூடுகிறாய், சரி.
நடுவில் இந்த எட்டாம் நாள் எதற்கு?
போக நாற்பது மைல், வர நாற்பது மைல்,
பெட்ரோல் யார் காசு?

காற்று, என்றேன்.
ஸ்டோர்னவேயில் எதற்கும் காற்றின்மேல் பழி போடலாம்.
படகு வராததற்கு, கடையில் பால் தீர்ந்ததற்கு,
ஞாயிறு முழுக்க யாரோடும் பேசாமல் இருந்ததற்கு.

உண்மையான காரணம் நூலக மாடியில் இருக்கிறது.
இப்போது ஆளில்லாத ஒரு தீவின் தேவாலயப் பதிவேடு.
பழுப்பு மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.
வயது: எட்டு நாள்.
வயது: எட்டு நாள்.
வயது: ஒன்பது. இந்த இடத்தில் மட்டும்
பேனா கொஞ்சம் தயங்கி மை ஊறியிருக்கிறது.
பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு.
எஃபி என்றொருத்திக்கு ஏழு கோடுகள்.
எட்டாவதுக்குப் பெயர் இருந்தது, டோனல்ட்.
அடுத்த பக்கம் கிழிந்துவிட்டது.

வவுனியாவில் படிக்கும்போது
ஏற்பு வலி என்று எழுதினோம்.
நான் அதைக் கண்ணால் கண்டதில்லை,
பரீட்சையில்தான் கண்டேன்:
முதலில் முலையை விடும்.
நேற்றுவரை உறிஞ்சிய வாய் பூட்டிக்கொள்ளும்.
பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு வரும்,
அது சிரிப்பில்லை.
பிறகு வில்.
தொட்டால் வில், கதவு சாத்தினால் வில்,
பார்க்கலாமென்று விளக்கைக் கொண்டுவந்தால் வில்.
(ஐந்து புள்ளி.)

கொடியை எதனால் அறுத்தார்கள், எதைப் பூசினார்கள்,
பிரசங்கியார் ஒன்று சொல்கிறார், வைத்தியர் ஒன்று.
பறவை எண்ணெய் என்று ஓரத்தில் பென்சிலால் யாரோ.
எதுவானாலும் பூசியது ஆசையோடுதான்.
இங்கத்தைய பழைய பாஷையில் மருத்துவிச்சிக்கு
முழங்கால்காரி என்று பெயராம்.
அந்த முழங்கால் ஊன்றியது மண்தரையில்.
எட்டாம் நாள் அவளைக் கூப்பிட்டார்களா,
அல்லது அந்த வீட்டைத் தாண்டும்போது
குனிந்து நடந்தாளா?
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஊயிக் போகும் வழியில் செம்மறிகள்
தார்ச்சாலையில் படுத்துக்கிடக்கின்றன,
ஹாரனுக்கு எழும்பாது.
அவற்றின் குடலில் அது இருக்கிறது.
புழுக்கையில், உருளைக்கிழங்குப் பாத்தியில்,
என் டயரின் பள்ளத்தில், சப்பாத்தின் அடியில்
வருடக்கணக்காய்ப் பசியில்லாமல் படுத்திருக்கிறது.
பெரியம்மையைத் துரத்தியதுபோல்
உலகத்தைவிட்டு இதைத் துரத்த முடியாது.
மண்ணை யார் கழுவுவது?
ஒரு கத்தரியிலிருந்து, ஒரு கையிலிருந்து,
இரண்டு அங்குலக் கொடியிலிருந்து
தள்ளிவைக்கலாம், அவ்வளவுதான்.
அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலிருந்து.

மார்சலி கதவைத் திறக்கிறாள், தலை வாரவில்லை.
ஏன் வந்தாய் என்று கேளாமல் கேத்தலை வைக்கிறாள்.
ஏழாம் மாதம் அவள் தோளில் நான்தான் ஊசி போட்டேன்,
கக்குவானுக்கு என்று சொல்லி.
அதற்குத்தான் எல்லோருக்கும் பயம்.
இதற்கானதும் அதே குப்பியில்
டிக்கெட் எடுக்காத பயணிபோல் கூட வந்தது.
இரண்டு நாள் கை தூக்க முடியவில்லையென்று
என்னைத் திட்டினாள்.
அவள் இரத்தம் அந்த இரண்டு நாளில் படித்ததைப்
பிள்ளை படிக்காமலே எடுத்துக்கொண்டது.

வயிற்றில் கொடி கறுத்துக்
காய்ந்த மிளகாய்க் காம்பாய் நிற்கிறது,
வெள்ளை பிளாஸ்டிக் கவ்வியின் பாரத்தில் சாய்ந்து.
நாப்பியை விலக்கினேன்,
கழன்று கையுறையில் விழுந்தது.
சீழ் இல்லை, சிவப்பில்லை, வாடையில்லை.

இதை என்ன செய்வது, என்கிறாள்.
குப்பையில் போடலாம்.
எங்கள் பக்கம் வெள்ளிக்கூட்டில் அடைத்து
இடுப்பில் கட்டுவார்கள், என்றும் சொல்லிவைத்தேன்.
அவள் தீப்பெட்டி தேடப் போனாள்.

தனியாக விட்டதற்குப் பிள்ளைக்குக் கோபம்.
வாயை முழுக்கத் திறந்தது,
அண்ணம் தெரிய, உள்நாக்கு தெரிய.
நான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்,
வேலை முடிந்த பிறகும்.

காரில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன்.
மைல்: எண்பது.
காரணம் என்ற கட்டத்தில் சும்மா ஒரு கோடு இழுத்தால் போதும்,
எல்லோரும் அப்படித்தான்.
கை வரவில்லை.
காற்று, என்று எழுதினேன்.