கன்னாடிக்கு

மார்ச் கடைசியில் ஆரூரன் திரும்பி வந்தான்.
பாசலில் அறை வாடகை கூடிப்போச்சாம்,
மூன்று மாதம் மட்டும், அம்மா.
இரண்டு பெட்டி. ஒன்றில் உடுப்பு.
மற்றதில் என்ன என்று கேட்டேன்.
புழு என்றான்.

ஓல்ட்டனில், தண்டவாளம் தெரிகிற மூன்றாம் மாடி.
படிக்கட்டில் ஒரு சப்பாத்து கிடந்தாலே
கடிதம் போடுகிறவள் வீட்டுக்காரி ஹெஃப்லிகர்.
அவளுக்குத் தெரியாமல் பல்கனியில்
ஐந்நூறு பேரைக் குடிவைக்கலாம் என்று
இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?
படித்தது கணக்கியல்.

முதல் கிழமை வீட்டில் பத்தியம் நடந்தது.
வெங்காயம் கூடாது. உள்ளி கூடாது.
தேசிக்காய்க் கோது கூடாது. உறைப்பு அறவே கூடாது.
"அப்ப இந்த வீட்டிலை அதுகள் பட்டினிதான்" என்றார் இவர்.
அவனோ தேயிலைச் சக்கையையும்
பிய்த்துப்போட்ட முட்டைப் பெட்டியையும்
குழந்தைக்கு ஊட்டுவதுபோல் இட்டான்.
நான் அவனுக்கு ஊட்டியபோது
இவ்வளவு பொறுமை எனக்கு இருக்கவில்லை.
இரண்டு வேலை, ஒரு பஸ்.

இங்கே குப்பைக்கும் காசு,
பை வாங்கித்தான் எறிய வேணும்.
கிழமைக்கு இரண்டு போனது ஒன்றாகி,
மே மாதத்தில் ஒரு பை பதினாறு நாள் நின்றது.
இவர் கலண்டரில் குறித்தார்,
கிரிக்கெட் ஸ்கோர் குறிக்கிற மாதிரி.

அதுவரைக்கும் சரி.

இருபத்திமூன்று வருசமாகக் கழுவுகிறேன்.
ஒரு வங்கி, ஒரு பல்வைத்தியர், வெள்ளியில் பள்ளிக்கூடம்.
குளோரின் மணந்தால்தான் எனக்குச் சுத்தம்.
மூக்கு எரிய வேணும், கண் கொஞ்சம் கலங்க வேணும்,
அப்போதுதான் வேலை முடிந்தது என்று
உடம்புக்குத் தெரியும்.
வீட்டிலும் அதே போத்தல்கள், நீலம், பச்சை,
எச்சரிக்கைப் படம் போட்ட சிவப்பு மூடி.

விடு என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.
என் தொழிலை எனக்கே படிப்பிக்கிறியோ என்று
வசனம்கூட ஆயத்தமாக இருந்தது.

ஒரு வியாழன் வேலையால் வந்தால்
தொட்டியடியில் புதுப் போத்தல் ஒன்று.
வினாகிரி, தண்ணி, உள்ளே சுருண்ட தோடம்பழத் தோல்.
துண்டு ஒட்டித் தமிழில் எழுதியிருந்தான்:
"கன்னாடிக்கு".

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
ஆறாம் வகுப்போடு நின்றவன்.
மூன்று சுழி எங்கே வரும் என்று
அழுதழுது எழுதினவன்.
திருத்தப் பேனை எடுத்தேன்.
எடுத்த கையைப் பார்த்தேன்.
விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, நகம் மஞ்சள்.
கலியாண வீடுகளில் நான்
சேலைத் தலைப்புக்குள் வைத்திருக்கிற கை.
கண்ணைப் பிழையாய் எழுதினவன்
இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

பேனையை மூடி வைத்தேன்.
ஜன்னலில் அடித்துத் துடைத்தேன்.
குசினி ஊறுகாய் மாதிரி மணத்தது.
கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது, நம்பிக்கைதான் வரவில்லை.
அடுத்த நாள் அவன் இல்லாத நேரம்
பழைய போத்தலாலும் ஒருக்கால் துடைத்தேன்,
பொய் சொல்ல மாட்டேன்.
ஜூலைக்குப் பிறகு அதுவும் இல்லை.

வங்கியில் டிராகானா ஒத்துக்கொள்ளவில்லை.
பட்டியலில் இல்லாததைப் பாவிக்கக் கூடாதாம்.
அங்கே இப்போதும் அதே நீலம்.
கையுறையை மட்டும் இரண்டு சோடியாகப் போடுகிறேன்.

மூன்று மாதம் என்றவன் ஐந்தில் போனான்.
பெட்டியும் போனது.
ஐஸ்கிறீம் வாளியில் துளை போட்டு
ஒரு பிடி புழு விட்டுப் போயிருக்கிறான்.
ஹெஃப்லிகருக்குப் பயந்து இவர் அதை
பூச்சட்டிக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்,
மேலே ஒரு பழைய துவாயும்.

காலை நாலரை பஸ்ஸுக்கு முன்
மூடியைத் திறக்கிறேன்.
இருட்டில் ஏதோ ஈரமாய் அசைகிறது.
வெள்ளரித் தோல் வைக்கிறேன்.
"உறைப்பில்லை, சாப்பிடுங்கோ" என்கிறேன்,
மரியாதையாகத்தான்.