மூச்சு வாங்கும் இடம்

"நீ தூக்காதே" என்றான் தஸ்தகீர்.
"நீயும் தூக்காதே" என்றேன்.
மூன்றாம் படியில் உட்கார்ந்தபடி
எங்கள் இடுப்புகளை எடைபோட்டுக்கொண்டிருந்தது
ஆம்ப்ளிஃபயர்.
கடைசியில் டீக்கடைப் பையன்தான் வந்தான்.
ஒரு கையில் அதைத் தூக்கினான்,
மறு கையில் நாலு கிளாஸ் டீ.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.

வடபழனியில் மணிக்கு நானூறு ரூபாய் அறை.
நோட்டை நான் தூரப் பிடிக்கிறேன்,
அவன் கிட்டப் பிடிக்கிறான்.
இருவருக்கும் பொதுவான தூரத்தில்
ஒரு ஸ்டாண்டை நிறுத்தவே அரைமணி போனது.
இருநூறு ரூபாய்.

முப்பத்தாறு வருஷம்
அவன் தோஹாவில் கணக்கு எழுதினான்.
நான் பெரம்பூரில் ரயில்பெட்டிக்குப் பற்றவைத்தேன்.
என் கிட்டார் பீரோ மேல் படுத்திருந்தது.
அவன் சாக்ஸபோனை, பக்கத்து அறைக்காரன் தூங்குகிறானென்று
தலையணையைத் திணித்து வாசித்தானாம்.
"அப்போ பழக்கம் விடலையே?"
"தலையணைக்குத்தான் எல்லாம் தெரியும்."

மருமகள் எக்செல்லில் போட்டுத் தந்திருக்கிறாள்:
பதினொரு ஊர், ஒரு வேன்,
காஞ்சிபுரத்தில் தொடங்கிக் கடலூர் வரை.
கடைசிக் கட்டத்தில்
மாத்திரை நேரம், அவனுக்குப் பச்சை, எனக்கு மஞ்சள்.

கேட்கக் கூடாதென்று இருந்தேன்.
இரண்டாவது டீயில் அவனே கேட்டான்:
"அன்னைக்கு எப்படிச் சமாளிச்சே?"

அன்றைக்கு என்றால்
எண்பத்தெட்டு, தை மாசம், புளியந்தோப்பு, கல்யாண ரிசப்ஷன்.
ஏழு மணிக்கு வர வேண்டியவன்
ஏழு மணிக்கு பம்பாயில் விசாவுக்கு நின்றுகொண்டிருந்தான்.
எனக்கு அது மூன்றாம் நாள் தபாலில்தான் தெரிந்தது.

"வாயால வாசிச்சேன்."
"எதை?"
"உன் சாக்ஸை. முழுசா. எல்லாப் பாட்டுக்கும்.
மாப்பிள்ளையோட மாமா அம்பது ரூபாய் குத்தினார்."

சிரித்தான். கண்ணாடியைக் கழற்றும்வரை சிரித்தான்.
பிறகு துணியை எடுத்து
ஏற்கெனவே துடைத்திருந்த ரீடை
மறுபடி துடைத்தான்.

அந்த நீண்ட பிடியில்தான் சிக்கல்.
முன்பெல்லாம் ஒரே மூச்சில்
மவுண்ட் ரோட்டைக் கடப்பதுபோல் கடப்பான்.
இப்போது ஸ்பென்சர் சிக்னலிலேயே நின்றுவிடுகிறது.
நான் வழி சொன்னேன்:
நீ நிற்கும் இடத்தில் நான் நாலு ஸ்வரம் நிரப்பிவிடுகிறேன்,
யாருக்கும் தெரியாது.

தலையாட்டினான், வேண்டாமென்று.
"அங்கே நீ ஒண்ணும் வாசிக்காதே, ஏகா.
நான் மூச்சு வாங்குறது தெரியட்டும்."

ராயபுரம் சர்ச் ஹால், ஞாயிறு மாலை, முதல் மேடை.
நாற்காலிகளில் பாதிக்குமேல் ஆள்.
முன்வரிசையில் யாரோ ஓர் அம்மா
மடியில் ஹெல்மெட்டோடு.
அந்த இடம் வந்தது.
என் விரல்கள் தாமாக எழுந்தன.
கட்டைவிரலைத் தொடையில் அழுத்திப் பிடித்தேன்.
மைக்கில் அவன் மூச்சு உள்ளே போனது,
பழைய பம்புசெட் தண்ணீர் இழுப்பதுபோல், கரகரவென்று.
கூடவே அந்த ஹெல்மெட் அம்மாவும்
தன்னை அறியாமல் ஒரு மூச்சு இழுத்தாள்.
வெளியே ஒரு மின்சார ரயில், பீச் பக்கம்.
அப்புறம் அவன் தொடர்ந்தான்.

இரவு பதினொன்றரை.
வேனில் என் தோளை நம்பாமல்
ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கினான்.
ஸ்ரீபெரும்புதூர் டோலில் விழித்து,
"எப்படி இருந்துச்சு?"

"ரெண்டாவது சரணத்துல ஓடிட்டே."
"நான் ஓடலை, நீ இழுத்தே."
"நான் இழுக்கலை."
"எண்பத்தஞ்சுலேர்ந்து இழுக்கிறே."

ஃபாஸ்டாகில் பணமில்லை.
யார் போன், யார் கார்டு, யாருக்கு ஓடிபி வரும் என்று
டிரைவரோடு சேர்ந்து மூன்று பேரும் குழம்ப,
பின்னால் நின்ற லாரிகள்
ஆளுக்கொரு சுருதியில் ஹாரன் அடித்தன.
தஸ்தகீர் காதைக் கூர்ந்தான்.
"அந்த மூணாவது வண்டி,
அது மட்டும் சரியாப் பேசுது" என்றான்.