கல் விழும் இடைவெளி

புது பிரேக் டிஸ்க் வாணலி அகலம்.
காலிப்பர் வேறு முழங்கைபோல் புடைத்து நிற்கிறது.
பழைய சக்கரம் ஏற மறுத்துவிட்டது.

"பதினெட்டு அங்குலம் போடுங்க, தாராளமாச் சுத்தும்"
என்றான் ஸ்வாகோப்முண்ட் கடைக்காரன் யூர்கன்.
சுற்றும்தான்.
ஆனால் ஹோவானிப் ஆற்று மணலில் காற்றை இறக்கினால்
பிதுங்கிக் கொடுக்க
டயரில் சதை வேண்டாமா?

கைனோ பதினேழிலேயே நின்றாள்.
போன மாதம் தண்ணீர்த் தொட்டியோடு மலையிறங்கும்போது
மிதித்த கால் பஞ்சுக்குள் போனதை
அவள் யாரிடமும் பேசியதில்லை,
பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடமும்.

காலிப்பர் முதுகில்
என் மகளின் பச்சைக் களிமண்ணை அப்பி
சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்று.
கழற்றினால்
ஆரங்கள் வழித்தது போக மிச்சம் ஒன்றரை மில்லி.
"உரசலையே" என்றேன்.
"இப்ப ஆறிக் கிடக்கு" என்றாள்.

நான்காவது சக்கரம்,
ஆரம் வெளியே வளைந்தது. பார்க்க லட்சணமில்லை.
மூன்று மில்லி.
யூர்கன் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டான்.

அவள் வெளியே போய்
சாலைச் சரளையில் ஒன்றைப் பொறுக்கி வந்து
இடுக்கில் போட்டாள்.
சிக்கியது.

ஐந்தாவதில்
டிங்கென்று விழுந்தது சிமெண்டுத் தரையில்.

குனிந்து தேடி எடுத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
விலை கேட்டாள்.