முக்கால் கிலோ

இன்னாசியின் ஆல்பத்தில் பாட்டு இல்லை.
ஒரு கிடார், ஒரு மைக்,
ஜன்னலில் திணித்த இரண்டு கோணிச் சாக்கு.
சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான்.
ஹெட்போனோடு ஏற்காட்டுக்கு, எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்கு
வரச் சொன்னது அவர்தான்.

பகலில் தராசடியில் நிற்பவர்.
காப்பிப் பழம் வந்து விழும், முள் ஆடும்,
முள் நிற்பதற்குள் எழுதிவிடுவார்.
சாக்குக்கு முக்கால் கிலோ ஈரக் கழிவு,
மழையோ வெயிலோ.
இருபத்திரண்டு வருஷமாய் அதே கையெழுத்து.

ராத்திரி அந்தக் கையின் கட்டைவிரல்,
நகத்தில் ஃபெவிக்விக் பூசி,
தடித்த கம்பியில் நடக்கும்.
தொம், தொம், தொம், தொம்.
கூலி வரிசை நகர்கிற வேகம்.
மற்ற விரல்கள் மேலே வேறேதோ சொல்ல வந்து
பாதியில் நிறுத்தி
முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு சுரத்தை இழுத்து வளைப்பார்.
அது போய்ச் சேரவேண்டிய இடம் எனக்கே தெரியும்.
போகாது.
கொஞ்சம் கீழேயே நின்றுவிடும்.
"ப்ளூஸ்ல அப்படித்தான் தம்பி,
எடை குறையும்."

பருத்தி எடுத்தவர்களின் பாட்டாம் அது.
கான்வென்ட் ஸ்டோர் ரூமில் கிடந்த,
உறை அழிந்த கேசட்டில் கேட்டாராம்.
"அங்கயும் தராசு புடிச்சவன் ஒருத்தன்
இருந்திருப்பான்ல.
அவனுக்குப் பாட்டு கிடையாது."
பிறகு நெடுநேரம் சுதி சேர்த்தார்,
சேர்ந்திருந்த கம்பியையே.

மூன்றாவது எடுக்கும்போது
மிளகுச் சரிவில் காட்டெருமை மூச்சு விட்டது.
பதினொரு விநாடி வாசிக்கவில்லை.
வெட்டட்டுமா என்றேன்.
தலையை மட்டும் ஆட்டினார்.
இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

பழ எடுப்பு முடிந்த ஞாயிறு
நல்லாயி வீட்டு வாசலில் என் போனில் போட்டேன்.
இன்னாசி உட்காரவில்லை.
"இதுல பாட்டு எப்பங்க வரும்?" என்றாள் இரண்டாவதில்.
எருமை வந்தபோது சரிவைத் திரும்பிப் பார்த்தாள்.
ஐந்தாவதில், அவரைப் பார்க்காமல்,
"இதுக்கு என்ன பேரு?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.
நான்தான் சொன்னேன்.

சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை நல்லாயி.
கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை
ஒவ்வொன்றாய்த் தொட்டாள்.
ஒரு நாளைக்கு. ஒரு வாரத்துக்கு.
ஒரு வருஷத்துக்கு.
சத்தமே இல்லாமல்.

ஆல்பம் முடிந்துவிட்டது.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.