கையில் என்ன

மாத்திரை அட்டையைப் பாதி தள்ளினாள் நெரெய்தா.
இருபத்தொன்று வெள்ளை, ஏழு பழுப்பு.
"மூளையிடம் ஒரு பொய் சொல்கிறோம்.
அது நம்பிவிடும்.
கருமுட்டை கிளம்பாது."

அப்பன் ஓஹாக்கா மலைக்காட்டில்
பர்பாஸ்கோ கிழங்கு தோண்டியவன்.
கிலோவுக்குச் சில்லறைதான் கிடைத்தது.
அதிலிருந்துதான் அந்நாளில் இந்த மருந்தே வந்ததாம்.
அவனுக்குப் பிள்ளைகள் பதினொன்று.
நான் ஒன்பதாவது.

"தலைவலி உண்டா?"
உண்டு.
"வருமுன் ஏதாவது தெரியுமா?"
தெரியும்.
லோமா போனிட்டா டப்பா ஆலையில், இரவு ஷிப்டில்,
அன்னாசி இலையின் முள்விளிம்பாய் ஒரு வெளிச்சம்
கண்ணோரத்தில் அறுத்துக்கொண்டே நகரும்.

அட்டை திரும்பிப் போய்விட்டது.
"ரத்தம் உறைந்து மூளைக்கு ஏறலாம்.
உனக்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டாம்."

இடது மேற்கையில், தோலுக்கடியில்
தீக்குச்சி அளவில் ஒன்றைச் செருகினாள்.
மூன்று வருஷம் இருக்கும்.
தேதி தப்பும், சொட்டும், நிற்கும்,
பயந்துவிடாதே என்றாள்.

பயமில்லை. எரிச்சல்தான்:
பத்தொன்பது நாளாகச் சொட்டுகிறது.
ஆனாலும் நாட்காட்டியை எண்ணாமல்
தூங்கிப்போகிறேன்.

நேற்று இருட்டில் ரோக்கேயின் விரல் தடுக்கி நின்றது.
"கையில் என்ன?"

"கிழங்கு" என்றேன்.