ஒப்பாரி கேட்

"ஒப்பாரி கேட், ஒப்பாரி கேட், இளீரி இளீரி"
என்று கூவினார் நடத்துநர்.
யார் செத்தது என்று கேட்கவில்லை நான்.
வங்கிக் கடிதத்தில் ஓக்பரி காலனி.
கல் சுமந்த நம் ஆட்கள் நாக்கில்
உருண்டு உருண்டு ஒப்பாரி ஆகியிருக்கிறது.
கன்னட நடத்துநருக்கு அது வெறும் ஸ்டாப் பெயர்.

நான் மதிப்பீட்டாளர்.
சுவரைத் தட்டுவேன், கூரையை எட்டிப் பார்ப்பேன்,
சதுர அடிக்கு இவ்வளவு என்று கையெழுத்திடுவேன்.
முகவரியில் காலனி என்று இருந்தால்
தர்மபுரியில் என் பழைய மேலாளர்
கோப்பை அடியில் தள்ளி வைப்பார்.
என் முகவரியிலும் காலனி உண்டு.
பெங்களூரின் இந்த ஓரத்தில்
அதே சொல்லுக்கு விலை கூடுகிறது.

நடுவில் வட்டமாய்ப் புல்வெளி.
சுற்றிலும் பதினேழு வீடுகள், தேவாலயம்,
கிணறு, பூட்டிக் கிடக்கும் விடுதி.
மரங்களுக்கு மேலே
கண்ணாடிக் கட்டடங்கள் எட்டிப் பார்க்கின்றன.
ஊரை வரைந்தவர் தந்தி ஆபீஸ் குமாஸ்தாவாம்.
இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை,
பிஸ்கட் டப்பா மூடியில் கண்டிருக்கிறார்.
மூடி வட்டம், அதனால் ஊரும் வட்டம்.

பிளம் நட்டார்கள், வரவில்லை.
கோதுமை விதைத்தார்கள், கிளி தின்றது.
மூன்றாம் வருடம் ராகி.
களிக்கு முட்கரண்டி உதவாது என்று
அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

சொன்னவர் ட்ரெவர் பிளாட்டெல், ஒன்பதாம் எண்,
கேக் அடுப்பு வாங்கக் கடன் கேட்பவர்.
மாவுக் கையோடு பத்திரத்தை நீட்டினார்.
1889, ஓரத்தில் கரையான்.
நாற்பத்தேழில் பாதி ஊர் கப்பலேறியிருக்கிறது.
சர்ரேயிலிருந்து ஒருவர் கடிதம் போட்டாராம்:
'இங்கே புல்வெளி வட்டமாக இல்லை.
ஏமாற்றிவிட்டார்கள்.'

"கோபுரக் கடிகாரம் ஓடுமா?"
"அது பெயிண்ட், மேடம்."

மணி வாங்கியதோடு பணம் தீர்ந்துவிட்டது.
கடிகாரத்துக்கு விட்ட வட்டம் சுவரில் வெறுமனே நின்றது.
கன்டோன்மெண்டிலிருந்து தனக்கோட்டி வந்தார்,
சாராயக்கடைகளுக்குப் பலகை எழுதுகிறவர்.
எத்தனை மணி வைக்கட்டும் என்றார்.
இரண்டு ஞாயிறு கூட்டம் நடந்தது.
ஆராதனை நேரம் என்றார் பாதிரியார்.
விளக்கு வைத்த பிறகு என்றார் விடுதிக்காரர்.
யாரோ ஒரு அம்மாள் எழுந்து
நாலு பத்து, தேநீர் வேளை என்றாளாம்.
அதை எதிர்க்க ஆளில்லை.

மழை அழிக்கும். பத்து வருடத்துக்கு ஒருமுறை
எழுதினார்கள் மறுபடி:
தனக்கோட்டி, அவர் மகன், மகனுடைய மருமகன்.
பழைய கோட்டின்மேல் புதிய கோடு,
ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை தள்ளி.

தேவாலயம் என் வேலையில் சேராது.
ஏணி கேட்டேன்.

கிட்டத்தில் தெரிந்தது, பெரிய முள்ளின் பின்னால்
பழைய முட்கள், வெளிறி வெளிறி,
மடிக்காமல் விட்ட விசிறி மாதிரி.
கோணம் அளந்தேன்.
நாலு பதினேழு.
நூற்று முப்பது சொச்சம் வருடத்தில்
ஏழு நிமிடம் நகர்ந்திருக்கிறது ஊர்.

ஆறாம் எண்ணுக்கு அடியில்
எறும்பளவு எழுத்தில் த.கோ.
பூச்சிக் கறை என்று நினைத்திருந்தாராம் ட்ரெவர்.
"என்ன எழுதியிருக்கிறது?"
"ஒரு பெயர்," என்றேன்,
"கூலி பாக்கியோ என்னவோ."
அவர் சிரித்தார். நானும் கொஞ்சம்.

படிவத்தில் 'இதர அம்சங்கள்' என்று ஒரு கோடு உண்டு,
யாரும் நிரப்பாத கோடு.
'கடிகாரம் ஒன்று, இயங்கும் நிலையில்'
என்று எழுதினேன். பிறகு அடித்தேன்.
அடித்தது தெரியும்படியே விட்டேன்.

கைப்பேசியில் நாலு பதினாறு.
கீழே ட்ரெவர்: "மேடம், ஏணி ஆடுது, இறங்குங்க,
உள்ளே கேக் கருகுது."

ஒரு நிமிடம், என்றேன்.