ஃபைல் எடுக்கப் போனவன்

பதினோராவது சீசன் தொடங்கியும்
உங்கள் ஆட்கள் இன்னும் நடந்துகொண்டேதான் பேசுகிறார்கள்.
இங்கே யாரும் அப்படி நடப்பதில்லை.
தரை வழுக்கும்.
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை
வினிபெக் சட்டமன்றத்தின் பளிங்கெல்லாம்
பூட்ஸ் கொண்டுவந்த உப்புத் தண்ணீர்.
நிதியமைச்சரே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார்.

நான் அவைக்குறிப்பு தட்டச்சு செய்கிறவள்.
பத்தொன்பது வருடமாகக் காதில் ஹெட்போன்,
காலடியில் ஒலிப்பதிவை நிறுத்தும் மிதி.
அந்த உரிமையில் கேட்கிறேன்:
உங்கள் பிரதமருக்கு ஒரு தடவைகூடவா
பேச்சின் நடுவில்
எதற்கு இதை ஆரம்பித்தோம் என்று மறந்துபோகாது?

இரண்டாம் சீசனில் ஆளுக்கொரு குரல் இருந்தது.
ஒருத்தி திக்குவாள். ஒருத்தன் கேட்டதையே கேட்பான்.
இப்போது ஓட்டுநர், செனட்டர், பன்னிரண்டு வயது மகள்,
எல்லார் வாயிலும் ஒரே நாக்கு.
ஒருவர் விட்ட வாக்கியத்தை அடுத்தவர் பிடித்துத்
திருப்பி எறிகிறார்.
கண்ணை மூடிக்கொண்டால்
அறையில் ஒரே ஒரு ஆள்.
அவருக்குத் தன் பேச்சு ரொம்பப் பிடிக்கும்.

எதிர்க்கட்சிக்காரர் ஏன் எப்போதும் மடையர்?
மடையனை ஜெயிப்பது என்ன ஜெயிப்பு?
பட்ஜெட் ஏன் ஒரே இரவில் நிறைவேறுகிறது,
அதுவும் யாரோ பழைய காதலியை நினைத்து
ஜன்னலோரம் நின்ற பிறகு?
வயலின் எப்போது வரும் என்று
என் நாய்க்கே தெரியும்.
வந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடும்.

"பிடிக்கலேன்னா பார்க்காதே" என்கிறாள்
பக்கத்து மேசை இரீன் ஃபுன்க்.
பிடிக்காமலா வியாழக்கிழமைகளில்
மைனஸ் முப்பத்தொன்றில்
ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு
கண்ணாடியில் உறைந்த பனியை
நூலக அட்டையால் சுரண்டிக்கொண்டு நிற்கிறேன்?

போன மார்ச்சில், இரவு பத்தே முக்காலுக்கு
வடக்குத் தொகுதி மெல்வினா ஸ்பென்ஸ்
தன் ஊர்ப் பாலத்துக்காக எழுந்தார்.
ஒன்பதாவது முறை.
அவையில் பதினான்கு பேர், அதில் இருவர் தூக்கம்.
"மாண்புமிகு அவைத்தலைவரே, நான்... அந்தப் பாலம்...
இல்லை, பனிப்பாதை, அது இந்த வருடம் பிப்ரவரியிலேயே"
அங்கே நின்றுவிட்டார்.
நாற்பத்தொரு விநாடி.
மறுநாள் இரண்டு தடவை ஓடவிட்டு எண்ணினேன்.
காகிதம் புரண்டது. யாரோ இருமினார்.
பிறகு "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார்.
தீர்மானம் தோற்றது.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.
மௌனத்துக்கு எங்களிடம் குறியீடு கிடையாது.
ஒரு புள்ளி வைத்து அடுத்த வரிக்குப் போனேன்.

உங்களிடம் கேமரா இருக்கிறது.
இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

சரி, அதெல்லாம் போகட்டும்.
எமில் துர்கோத் எங்கே?
நாலாம் சீசன், ஒன்பதாம் எபிசோட்,
முழங்கை தேய்ந்த பழுப்பு ஸ்வெட்டர்.
"ஃபைல் மூணாவது மாடியில இருக்கு, இதோ வர்றேன்" என்று
படியேறினான்.
ஏழு வருடம் ஆயிற்று.
யாரும் தேடவில்லை. ஒருவரும் பெயர்கூடச் சொல்லவில்லை.
அவன் நாற்காலியில் வேறொருத்தி,
அவன் குவளையிலேயே காபி குடிக்கிறாள்.
நடிகருக்குச் சம்பளத் தகராறாக இருக்கலாம்.
முழுப் பூசணிக்காயை நீங்கள் மறைத்த சோற்றை
நானும்தான் தின்றேன், வாரா வாரம்.

ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம்.
கஸ்பேக்குப் போய்விட்டான், அண்ணனோடு நண்டு பிடிக்கிறான்.
அல்லது செத்துப்போனான்.
எதுவானாலும் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும்.

பன்னிரண்டாவது சீசனும் உண்டாமே.
படிக்கட்டுக் காட்சி வந்தால்
நான் இப்போதும் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை.